அப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டபோது

அப்பாவுக்கு வயது 74. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மலச்சிக்கல் வெகுநாளாகவே உண்டு. அதனால் வயிறு உப்பியதும் வீட்டில் எல்லோரும் 'கேஸ்' என்றே சொன்னார்கள். அத்தை ஓமத் தண்ணீர் வைத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். நான் எதையும் கொடுக்க விடவில்லை. அப்பா முனகலோடு சொன்ன ஒன்றுதான் காரணம்: "காத்துகூடப் பிரியலம்மா."

வெறும் மலச்சிக்கல் என்றால் காற்றாவது பிரியும். அதுவும் நின்றுபோனால் குடல் அடைத்திருக்கலாம். அடைத்த குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. வேட்டியைத் தளர்த்திப் பார்த்தேன். வயிறு ஒரு பக்கமாக எழும்பி நின்றது. விரலால் தட்டினால் டொம்மென்று சத்தம். வலி பிடித்துப் பிடித்து விட்டது. "வாந்தி இல்லையே, பயப்படாதே" என்றார் அத்தை. பெருங்குடல் முறுக்கில் வாந்தி தாமதமாகத்தான் வரும், வராமலும் இருக்கலாம். சிறுகுடல் என்றால்தான் சீக்கிரமே வாந்தி எடுக்கும்.

108-ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். கடைசியாக எப்போது காற்றுப் பிரிந்தது என்பதைத்தான் அங்கே முதலில் சொன்னேன். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். வீங்கிய குடல் அதில் பெரிய காபிக்கொட்டை மாதிரி வளைந்து தெரிந்தது. மலக்குடலுக்குச் சற்று மேலே இருக்கும், பெருங்குடலின் சிக்மாய்டு பகுதி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். காய்ச்சல், விடாத வலி, கல்லாக இறுகிய வயிறு, படபடவென்று ஓடும் நாடி, இவை இருந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம், நேரே ஆபரேஷன்தான். அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை. ஆசனவாய் வழியாக ஸ்கோப் (உள்ளே பார்க்கும் குழாய்) விட்டு முறுக்கை எடுத்தார்கள். அடைபட்டிருந்த காற்று பெரும் சத்தத்தோடு வெளியேறியது. வயிறு கண்ணெதிரே வற்றியது. அப்பா என் கையை விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

முறுக்கு எடுபட்டதுமே கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் உறவினர்கள் நினைத்தார்கள். இது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதே அட்மிஷனில், குடலைச் சுத்தம் செய்து, நீண்டு தொங்கிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். குடல் அழுகாமல் இருந்ததால் இரு முனைகளையும் அப்போதே சேர்த்துத் தைக்க முடிந்தது. மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கவில்லை.