கிளிப்புகளை மெனுவோடு டிவிடியாக்குதல்: பர்ன் பட்டனுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

கணினியில் அழகாக ஓடிய டிஸ்க் டிவி பக்கத்தில் இருக்கும் பிளேயரில் ஓடாவிட்டால், எல்லோரும் முதலில் டிஸ்க்கின் மேல்தான் பழி போடுவார்கள். மட்டமான டிஸ்க்கால் வேலை கெடுவதும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் எழுதும்போது நுழைவதில்லை. ஃபிரேம் வேகம், ஒலி வடிவம், மெனுவின் கட்டளைகள் ஆகியவற்றை முடிவு செய்யும்போதே அது உள்ளே போய்விடுகிறது. லேசர் சுடும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. மீதி முழுக்க முன்வேலை.

டிவிடி பிளேயர் 1996-இல் விற்பனைக்கு வந்த தரத்துக்குக் கட்டுப்பட்ட இயந்திரம். செல்பேசி எடுக்கும் எம்பி4 அதற்குப் புரியாது. யுஎஸ்பி துளையுள்ள பிற்காலப் பிளேயர்கள் சில கோப்பு வடிவங்களைத் தாமாகப் படிக்கும், ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. எந்தப் பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் படம் எம்பெக்-2 என்ற சுருக்க வடிவில் இருக்க வேண்டும். அளவு 720×576, விநாடிக்கு 25 ஃபிரேம் (பிஏஎல் என்ற டிவி முறை). அல்லது 720×480, விநாடிக்கு 29.97 ஃபிரேம் (என்டிஎஸ்சி முறை). ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இவையெல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் ஐஎஃப்ஓ (வழிகாட்டும் தகவல்), பியூபி (அதன் நகல்), விஓபி (படமும் ஒலியும்) என்ற மூவகைக் கோப்புகளாக அமைய வேண்டும். எம்பி4 கோப்புகளை அப்படியே டிஸ்க்கில் நகலெடுத்தால் கிடைப்பது தரவு டிஸ்க். அதில் மெனு என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது 25-ஆ, 30-ஆ என்பது. உங்கள் ஊரில் பிஏஎல் முறை என்பதற்காக எல்லாவற்றையும் 25-க்கு மாற்றாதீர்கள். 30 ஃபிரேமில் எடுத்த கிளிப்பை 25-க்கு இறக்கினால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று காணாமல் போகும். கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் படம் தத்தித் தத்திப் போகும். பிஏஎல் நாடுகளில் விற்ற பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் என்டிஎஸ்சி டிஸ்க்கையும் ஓட்டும். மறுபக்கம் அப்படியில்லை: என்டிஎஸ்சி நாடுகளின் பிளேயர்களில் பல பிஏஎல் டிஸ்க்கை ஏற்காது. ஆகவே செல்பேசி கிளிப்புகளுக்கு நான் என்டிஎஸ்சியையே எடுக்கிறேன். 25 ஃபிரேமில் எடுத்த கேம்கார்டர் பதிவுகள் மட்டும் பிஏஎலில் இருக்கட்டும்.

செல்பேசிக் கிளிப்பில் இன்னொரு வம்பு உண்டு. வெளிச்சம் குறைந்தால் செல்பேசி ஃபிரேம் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வேகம் ‘மாறும்’ வகை என்று காட்டும். இதை நேரே டிவிடி மென்பொருளில் போட்டால் தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தும், பத்தாம் நிமிடத்தில் விலகியிருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகம் என்ற தேர்வை இட்டு, தரத்தை 16 முதல் 18-க்குள் வைத்து ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் டிவிடி செய்யாது; இந்த இடைவேலைக்கு மட்டும்தான் அது.

செங்குத்தாக எடுத்த கிளிப்பை அகலத்துக்கு இழுக்காமல் இருபுறமும் கறுப்புப் பட்டை வைப்பதே முறை. பலர் இங்கே கணக்கில் தடுக்கி விழுவார்கள். 16:9 டிவிடியில் பதிவாவது 720×576 புள்ளிகள்தான்; திரையில் அது 1024×576 போல விரிக்கப்படும். அதனால் 576 உயரமுள்ள செங்குத்துப் படம் திரையில் 324 அகலம் இருக்க வேண்டுமானால், பதிவில் அதன் அகலம் 228. கையால் அளவு கொடுக்கும் மென்பொருளில் 324 என்றே கொடுத்தால் முகமெல்லாம் உப்பிவிடும்.

பழைய டேப்பிலிருந்து இறக்கிய பதிவானால் ஃபீல்டு வரிசையையும் (ஒரு ஃபிரேமை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று பிரித்த இரு பாதிப்படங்களில் எது முதலில் என்பதை) பார்க்க வேண்டும். DV வகைக் கேம்கார்டர் டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில், 1080i ஏவிசிஎச்டி வகை எச்டி கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். இது தலைகீழாகப் போனால் கணினித் திரையில் பெரிதாகத் தெரியாது. டிவியில் மட்டும், நடப்பவர் ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னுமாக ஆடுவார்.

அடுத்தது இடக்கணக்கு. ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 470 கோடி பைட். விண்டோஸ் இதை 4.38 ஜிபி என்று காட்டும், குறைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். நான் 430 கோடியோடு நிறுத்திக்கொள்வேன். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. வெளி விளிம்பில்தான் பிழை அதிகம் சேரும், விரல் படுவதும் அங்கேதான். 430 கோடி பைட்டை 8-ஆல் பெருக்கினால் 3,44,00,000 கிலோபிட். மொத்த ஓட்டநேரத்தின் விநாடிகளால் அதை வகுத்து, படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பொதியும் உறை வேலைக்கு நூற்றுக்கு நான்கு கழித்து, ஒலிக்கு 192 கழித்தால் படத்துக்குக் கிடைக்கும் சராசரி வந்துவிடும். 90 நிமிடத்துக்குச் சுமார் விநாடிக்கு 5,900 கிலோபிட், இரண்டு மணிநேரத்துக்கு 4,400. ஒரு மணிநேரத்துக்குக் கணக்கு 9,000-ஐத் தொடும். ஆனாலும் சராசரியை 8,000-க்கு மேலே ஏற்ற வேண்டாம். தரப்படி படத்தின் உச்சவரம்பு 9,800, எல்லாம் சேர்த்து 10,080. வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அந்த உச்சத்தைத் தொட்டால் பழைய பிளேயர்கள் திணறி நிற்கும். மூன்று மணிநேரத்தைத் திணித்தால் 2,850-தான் மிஞ்சும். ஆட்டம், தண்ணீர், கூட்டம் வரும் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு இரண்டு டிஸ்க் போடுவது மேல். சராசரியைக் குறைவாக வைக்கும்போது இருமுறை ஓட்டிச் சுருக்கும் என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள். நேரம் இரட்டிப்பாகும், பலன் கண்ணுக்குத் தெரியும்.

ஒலிக்கு ஏசி-3 என்ற சுருக்க வடிவம், ஸ்டீரியோ, 192 கிலோபிட். எம்பி2 ஒலி பிஏஎல் பிளேயர்களில் ஓடும். என்டிஎஸ்சி பிளேயர்களுக்கு அது கட்டாயமில்லை என்பதால் சிலவற்றில் படம் மட்டும் ஊமையாக ஓடும். பல கேமராக்களில் எடுத்த கிளிப்புகள் என்றால் ஒலியளவைச் சமப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் கை ரிமோட்டை விட்டு இறங்காது.

கிளிப்புகளை எப்படி அடுக்குவது என்பதில் என் கருத்து திட்டவட்டமானது: நாற்பது கிளிப்பை நாற்பது டைட்டிலாக (டிஸ்க்கில் தனித்தனியே ஓடும் படமாக) வைக்காதீர்கள். தரம் 99 வரை அனுமதிக்கிறது, ஆனால் டைட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் பிளேயர் ஒரு கணம் கறுத்து நிற்கும். ஒரே பொருளுள்ள கிளிப்புகளைச் சேர்த்து நான்கைந்து டைட்டிலாக்கி, ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் ஒரு சாப்டர் வைத்தால் ஓட்டம் சீராக இருக்கும், ரிமோட்டில் தாவவும் முடியும். சாப்டர் நினைத்த இடத்தில் விழாமல் அரை விநாடி முன்போ பின்போ விழுந்தால் காரணம் இதுதான்: எம்பெக்-2-இல் முழுப்படமாகச் சேமித்த ஃபிரேமில் மட்டுமே சாப்டர் உட்கார முடியும், அது ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறைதான் வரும். கிளிப்புகளைத் தனித்தனியே என்கோட் செய்துவிட்டுச் சேர்த்தால் ஒவ்வொன்றும் முழுப்படத்தில் தொடங்கும். சாப்டரும் குறி தப்பாது. 4:3 கிளிப்பும் 16:9 கிளிப்பும் கலந்திருந்தால் அவற்றை வேறு வேறு டைட்டில் செட்டில் (ஒரே அமைப்புள்ள டைட்டில்களின் தொகுப்பில்) வையுங்கள். ஒரு செட்டுக்குள் அளவும் ஒலி வடிவமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இனி மெனு. இலவச மென்பொருளில் டிவிடி ஸ்டைலர் இதற்குப் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதோடு வரும் ஆயத்த வார்ப்புருக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பின்னணிப் படத்தைக் கிம்ப் என்ற பட மென்பொருளில் நானே வரைந்து, அதன்மேல் பட்டனை மட்டும் இங்கே வைக்கிறேன். தமிழில் தலைப்பு வேண்டுவோருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: கொம்பும் சுழியும் இடம் மாறி எழுத்து உடையும் தொல்லை கிடையாது, எழுத்து ஏற்கெனவே படமாகிவிட்டது. பிஏஎல் 16:9 மெனுவுக்கு 1024×576-இல் வரைந்து 720×576-ஆக ஒடுக்குங்கள்; என்டிஎஸ்சிக்கு 854×480-லிருந்து 720×480. இந்த ஒடுக்கலை மறந்தால் வட்டங்கள் முட்டையாகும்.

டிவி நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கும். எழுத்தும் பட்டனும் நடுவிலுள்ள 80 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அதாவது பிஏஎல் படத்தில் இடவலம் 72 புள்ளியும் மேல்கீழ் 58 புள்ளியும் விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி தடிமனுள்ள கிடைக்கோடுகள் டிவியில் படபடக்கும். மூன்று புள்ளியாவது வேண்டும். பளிச்சென்ற சிவப்பு பக்கத்தில் வழியும். ஒரு பக்கத்துக்கு ஆறு பட்டன் போதும். தரம் 36 வரை அனுமதிக்கும் என்றாலும் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது எறும்பு வரிசைதான்.

பட்டன் தேர்வானதைக் காட்டும் ஒளிவண்ணம் பின்னணிப் படத்தின் பகுதியல்ல. அதன்மேல் விழும் தனி அடுக்கு. பின்னணி ஊடே தெரியும்படி விடும் ‘நிறமும்’ சேர்த்து அந்த அடுக்கில் மொத்தம் நான்கே நிறம். நிழலோ மென்மையான விளிம்போ வைத்தால் அது பல்பல்லாகத்தான் வரும். பட்டனைச் சுற்றி நான்கு புள்ளித் தடிமனில் ஒரு சட்டம், அல்லது எழுத்துக்கு அடியில் ஒரு பட்டை, இவ்வளவுதான் அங்கே அழகாக நிற்கும். பட்டன்களின் செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் ரிமோட்டின் கீழ் அம்பு எங்கோ தாவும், சில பட்டனுக்குப் போகவே முடியாது. மேல், கீழ், இடம், வலம் நான்குக்கும் எது அடுத்தது என்று தானியங்கித் தேர்வை விடாமல் கையாலேயே குறித்துவிடுவது நல்லது. 16:9 மெனுவைப் பழைய சதுர டிவியில் பார்க்கும்போது சட்டம் பட்டனை விட்டு விலகி நிற்கலாம். அந்த டிவிக்குப் போகும் டிஸ்க் என்றால் படங்கள் 16:9 ஆக இருந்தாலும் மெனுவை 4:3-இல் செய்யுங்கள்.

மெனு ‘வேலை செய்யவில்லை’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் கட்டளைதான் இருக்கும். டிஸ்க்கைப் போட்டதும் எங்கே போவது, ஒவ்வொரு டைட்டிலும் முடிந்ததும் எங்கே திரும்புவது என்பதைச் சொல்ல வேண்டும். முடிவுக் கட்டளை இல்லாத டைட்டில் ஓடி முடிந்ததும் பிளேயர் நின்றுவிடும், மெனுவுக்குத் திரும்பாது. டிவிடி ஸ்டைலரில் டைட்டிலின் பண்புகளில் இதற்கான தேர்வு இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மெனுவுக்குத் திரும்பும்படி வையுங்கள். ‘எல்லாம் ஓட்டு’ பட்டனைத் தனியே யோசிக்க வேண்டும்: அதை அழுத்தினால் டைட்டில் முடிந்ததும் அடுத்ததுக்குப் போக வேண்டும், தனி பட்டனை அழுத்தினால் மெனுவுக்குத் திரும்ப வேண்டும். பிளேயரின் சிறு நினைவகத்தில் எந்தப் பட்டன் என்பதைக் குறித்துவைத்தே இதைச் செய்ய முடியும். மென்பொருளில் உள்ள ஆயத்தத் தேர்வைப் பயன்படுத்தினால் கட்டளை எழுதும் வேலை மிச்சம். மெனுவுக்கு இசை வேண்டாமென்றாலும் ஒலியற்ற தடம் ஒன்றை வைத்துவிடுங்கள். ஒலித்தடமே இல்லாத மெனுவில் தடுமாறும் பிளேயர்கள் உண்டு.

நேரடியாக டிஸ்க்கில் எழுதவே எழுதாதீர்கள். முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) உருவாக்குங்கள். என்கோட் செய்த படம், விஓபி தொகுப்பு, ஐஎஸ்ஓ என்று மூன்று படி இருப்பதால் 15 ஜிபி காலியிடம் வேண்டும்; இலக்கு எஃப்ஏடி32 வட்டாக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஐஎஸ்ஓ அங்கே பாதியில் நின்றுவிடும். விஓபி கோப்புகள் 1 ஜிபிக்கு ஒன்றாக வெட்டுப்பட்டிருப்பது தரத்தின் விதி, கோளாறல்ல. ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஆனால் விஎல்சி தாராள மனசுக்காரர். பிளேயர் மறுக்கும் பல குறைகளை அவர் கண்டுகொள்ள மாட்டார். உண்மையான சோதனை, மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி டிவி பிளேயரில் போடுவதுதான். ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பும். அதனால் மிகப் பழைய பிளேயர் அதை மறுத்தாலும் மெனுவைச் சந்தேகிக்க வேண்டாம்.

எழுதுவதற்கு விண்டோஸில் இமேஜ்பர்ன், லினக்ஸில் கே3பி. 16 எக்ஸ் என்று அச்சிட்ட டிஸ்க்கை 8 எக்ஸில் எழுதுகிறேன். முழு டிஸ்க்குக்குச் சுமார் எட்டு நிமிடம். மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது என்பது பழைய நம்பிக்கை. அதிவேகத்துக்காகச் செய்த டிஸ்க்கை 2 எக்ஸில் எழுதினால் பிழை கூடுவதும் உண்டு. பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் எடுங்கள். பிளஸ் ஆர்தான் கையில் இருக்கிறதென்றால், டிரைவ் இடம்கொடுத்தால் புக் டைப்பை (டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறியை) டிவிடி-‘ரோம்’ என்று மாற்றி எழுதலாம். டிஸ்க்கை மூடி முடிக்கும் தேர்வு கட்டாயம் இருக்க வேண்டும். மூடாத டிஸ்க்குக்குப் பிளேயர் ‘டிஸ்க் இல்லை’ என்றே சொல்லும். எழுதியபின் சரிபார்க்கும் தேர்வையும் விடாதீர்கள். மேலே காகித ஒட்டி ஒட்ட வேண்டாம். சுழலும்போது எடை சாயும், சூட்டில் ஓரம் கிளம்பும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் நடு வளையத்தில் எழுதினால் போதும்.

ஐஎஸ்ஓ, ப்ராஜெக்ட் கோப்பு, மூலக் கிளிப்புகள் மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். ப்ராஜெக்ட் கோப்புக்குள் கிளிப்பு இருக்காது, அது கிடக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். கிளிப்பை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டு மெனுவில் ஓர் எழுத்துப்பிழை திருத்தத் திறந்தால், எல்லா டைட்டிலையும் மறுபடி தேடிக் காட்ட வேண்டிவரும்.