ஐயா எழும்பிய ஷாட்

"களரியில செத்தா மறுகா எழும்பி வாழி பாடுவம் மனே. உங்கட படத்துல செத்தா எப்பகா எழும்புற?"

எங்கள் குறும்படத்தின் படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் ஆகியும், அதில் நடித்த ஐயாவின் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. களரி என்று அவர் சொன்னது கூத்து ஆடும் அரங்கை. கேட்டது இயக்குநரிடம். நான் கமராக்காரன், பதில் சொல்ல வேண்டிய ஆள் நானில்லை. ஆனால் கேட்கும்போது அவர் பார்த்தது கமராவைத்தான்.

குறும்படத்தின் கதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. 1990இல் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத மகனை வழிபார்த்திருக்கும் தகப்பன், சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே செத்துப்போகிறார். வசனம் கிடையாது. அந்தத் தகப்பனாக நடித்த ஐயா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெயரெடுத்த கூத்தர். வடமோடி என்ற கூத்து வகையை ஆடுபவர். இளவயதில் பதின்மூன்றாம் போரில் அபிமன்யு, வயது வரக் கர்ணன். இரண்டு பேரும் களத்தில் விழுகிறவர்கள். மட்டக்களப்பில் அவரை விட நன்றாகச் செத்த ஆள் இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அவருடைய கர்ணனை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அம்பு பட்டதும் விழமாட்டார். முதலில் ஆட்டம் தளரும். அவரோடு சேர்ந்து மத்தளமும் தளரும். பாட்டின் கடைசி அடியை அவர் விட்டுவிட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். ஒரு சாவுக்கு ஊரே மூச்சுக் கொடுத்தது போல இருக்கும். அப்படிப்பட்டவரிடம் எங்கள் இயக்குநர், "ஐயா, நடிக்க வேணாம், சும்மா கண்ண மூடிட்டு இருங்க" என்றார். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. "சும்மா இருக்கிறதா சாவு?" என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் சொன்னது சரியென்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். கமரா கிட்டப் போகப் போகச் சாவு சிறிதாக வேண்டும். சிவாஜியையே எடுத்துப் பாருங்கள். 1959இல் கட்டபொம்மனாகத் தூக்குக்குப் போனவர் கோட்டை அதிரப் பேசிவிட்டுப் போனார். 1985இல் முதல் மரியாதையில் கட்டிலில் கிடக்கிறார், பேச்சு அடங்கிவிட்டது. தேவர் மகனில், 1992, படத்தின் நடுவிலேயே போய்விடுகிறார். பிறகு வரும் படம் முழுக்க அவர் இல்லாத இடம் தெரிகிறது. எங்கள் மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா 'வீடு' எடுத்தபோது, நாடக மேடையில் பாடி வளர்ந்த சொக்கலிங்க பாகவதரைத்தான் தாத்தாவாகப் போட்டார். பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்கப் போன அந்தத் தாத்தாவின் சாவில் பாட்டு இல்லை. மேடைக்காரரைக் கமராவுக்கு முன்னால் அமர்த்திப் பேசாமல் இருக்க வைப்பது அவமதிப்பு இல்லை என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஆனால் ஐயா கேட்டது பாட்டை அல்ல. செத்ததற்குப் பிறகு என்ன என்றுதான் கேட்டார். கட்டாயம் எழும்புறதையும் எடுக்கவேணும் என்று நின்றார். பிணமாக நடித்தவரை ஒருமுறை சிரிக்க வைத்து எடுத்துவிடும் வழக்கம் சினிமாக்காரரிடமும் உண்டென்று கேள்வி. இயக்குநர், "சரி, எடுக்கிறம் ஐயா" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார்.

சாவை எடுத்த டேக்கில் ஒரு ஈ வந்து அவருடைய மேலுதட்டில் இருந்தது. உதடு அசையவில்லை. லென்ஸில் நான் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துடிப்பது தெரிந்துகொண்டே இருந்ததால்தான் எனக்கு மூச்சு வந்தது. 'கட்' சொன்னார்கள். ஐயா அசையவில்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கமராவை நிறுத்தவில்லை. பிறகு கதிரைக் கையைப் பிடித்து எழும்பினார், சாரத்தை இறுக்கிக் கட்டினார், குதிக்கால் நிலத்தில் படத் தாளம் போட்டுக்கொண்டே நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு வாழி பாடினார். களரி வட்டம் அல்லவா, சனம் சுற்றி இருக்கும். நாங்கள் படம் பிடித்த இடத்தில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் நாங்கள் இருந்தோம். மற்ற மூன்று பக்கமும் சுவர்.

எடிட்டிங்கில் அதைக் கடைசியில் வைக்கச் சொல்லி நான் வாதாடினேன். "ஐயா எழும்பினா அந்த மகனும் வந்திட்டான் எண்டு ஆகிடும் அண்ணா. வரல்லையே" என்றார் இயக்குநர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வராதவர்களின் வீடுகளில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டப்போகிறோம், அவர்களுக்குப் பொய்யான விடியலைக் கொடுக்க நமக்கென்ன உரிமை?

என்றாலும், 1954இல் வந்த 'அந்த நாள்' தொடங்கும்போதே சிவாஜி குண்டடிபட்டுச் செத்துவிடுகிறார். மீதிப் படம் முழுக்க மற்றவர்களின் நினைவில் நடமாடுகிறார். சினிமாவுக்கும் எழுப்பத் தெரியும். 1962இல் 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆர். செத்ததை ரசிகர்கள் ஏற்கவில்லை என்பதை நாங்கள் பகிடியாகச் சொல்வோம். இப்போது அதைப் பகிடியாக எடுக்க எனக்கு முடியவில்லை. விடியவிடியப் போரைப் பார்த்த சனம், விழுந்தவர்கள் எழும்பி நிற்பதைக் கண்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனது. கர்ணன் பிழைத்துவிட்டான் என்று ஒருவரும் நம்பவில்லை. ஆடியவர் சுகமாக இருக்கிறார் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். அந்த அளவுக்குக்கூட நம்முடைய பார்வையாளரை நம்பக் கூடாதா?

அடுத்த மாதம் ஐயாவின் ஊரில், கோயில் வெளியில் படம் போடுகிறோம். பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் இருக்கப்போகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தத் துண்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன். படம் முடிந்து பெயர்களெல்லாம் ஓடிய பிறகு, தனியாக, அன்றைக்கு மட்டும் போடலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன். "படம் வேற, களரி வேற அண்ணா" என்றார். அதில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதிக்காக நாளைக்குத் திரும்பவும் அவரிடம் போகிறேன்.