குறட்டையும் குறுகிய அண்ணமும்: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 9
சாரல் விழுகிறது. மூக்கடைப்போடு வரும் பிள்ளையின் குறட்டையை வைத்து இப்போது முடிவு கட்டக்கூடாது. சளி போன பிறகும் வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் குறட்டை இருந்தால்தான் கணக்கு. "ஓடியாடின அலுப்பு, அசந்து உறங்குதான்" என்பார்கள் ஆச்சிமார். அசந்து உறங்கும் பிள்ளைக்குச் சத்தமே இருக்காது.

வீட்டில் செய்யக்கூடியது: சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் வயிறும் தெரிய, விடியற்காலையில் இரண்டு நிமிட வீடியோ. வயிறு எழும்போது நெஞ்சு உள்ளே ஒடுங்கினாலோ, குறட்டை சட்டென நின்று பிறகு திணறி மூச்சை இழுத்தாலோ காட்ட வேண்டும். ஏழு வயதிலும் பாயை நனைப்பது இதனாலும் இருக்கலாம். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

ஜூன் 13
அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) டான்சிலும் பெருத்திருந்தால் முதல் வழி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான். தூக்க ஆய்வில், அதாவது உறங்கும்போது மூச்சை அளக்கும் சோதனையில், மூச்சுத்தடை மணிக்கு 5 முறை என்பது பெரியவர்களுக்கான எல்லை. பிள்ளைகளுக்கு 1 தாண்டினாலே கவனிக்க வேண்டும். மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகக் கடித்து, அண்ணமும் (வாயின் மேற்கூரை) குறுகியிருந்தால் விரிப்பான் பொருந்தும். பல்லில் வளையம் மாட்டி, நடுவில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி அண்ணத்தை அகலப்படுத்தும் கருவி அது. அண்ணத்தின் மேற்புறமே மூக்கின் தரை என்பதால் அங்கும் வழி கொஞ்சம் அகலும். அண்ணம் சரியாக இருக்கும் பிள்ளைக்குக் குறட்டைக்காக மட்டும் கிளிப் மாட்டுவதை ஏற்க முடியாது.

ஜூன் 18
விரிப்பானின் ஸ்க்ரூவைச் சாவியால் ஒரு கால் சுற்று திருப்பினால் 0.25 மி.மீ. விரியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் 6 மி.மீ.க்கு 12 நாள். சாவியில் நூல் கட்டி அம்மாவின் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். தொண்டைக்குள் விழுந்தால் ஆபத்து. முன்னிருந்து பின்னாக, அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை தள்ளணும். பாதியில் நிறுத்திச் சாவியை உருவினால் ஸ்க்ரூ பின்னோக்கித் திரும்பிவிடும், அடுத்த முறை துளை அகப்படாது. பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகத் திருப்ப வேண்டாம்.

அல்வா, கருப்பட்டி மிட்டாய் இரண்டும் பல்லில் மாட்டிய வளையத்தைப் பெயர்த்துவிடும். வளையம் ஆடினால் திருப்புவதை நிறுத்திவிட்டு வரவும்.

ஜூன் 26
முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததும் பதறிப்போய் வருகிறார்கள். அண்ணத்தின் நடுப்பொருத்து (இரு பாதி எலும்பும் சேரும் இடம்) விலகியதற்கு அதுதான் அடையாளம். சில மாதத்தில் தானாக நெருங்கிவிடும். பருவ வயதுக்கு முன் எளிதாக விலகும் இந்தப் பொருத்து, அதன்பின் இறுகிப்போகும்.

ஜூலை 1
திருப்பி முடித்ததும் கழற்றக் கூடாது. விலகிய இடத்தில் எலும்பு நிரம்ப ஆறு மாதம் அப்படியே இருக்கட்டும். குறட்டை குறைந்தது என்ற வீட்டார் பேச்சு மட்டும் போதாது. தூக்க ஆய்வை மறுபடி எடுத்து, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.