தலையில் 2 மில்லி ஆம்பியர்: பெங்களூரு ஆய்வகக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்தது அகார் (கடற்பாசி ஜெல்லி) உருண்டை. ஒரு லிட்டர் வடிநீர், 9 கிராம் உப்பு, 30 கிராம் அகார். காய்ச்சி ஆறவைத்தால் ஆயிற்று. நரம்பின் காப்புறையைத் தேய்க்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய், அதாவது எம்.எஸ்., தரும் களைப்புக்காக நெற்றிப் பக்கத்தில் செலுத்தும் நேர்மின்னோட்டத்தை முதலில் இதில் ஓட்டிப் பார்க்கிறோம். மின்சாரம் இல்லாமல் 10 நிமிடம், 2 மில்லி ஆம்பியரோடு 10 நிமிடம். படத்தின் சிக்னல் இரண்டிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஆடினால் கோளாறு ஒயரில்தான். உருண்டைக்கு ஏது மூளை?

ஒயர் ஸ்கேனர் குழாயின் நீளவாக்கில் நேராகப் போகட்டும். சுருண்டு கிடந்தால் ரேடியோ அலை அதில் மின்சாரத்தைத் தூண்டித் தோலைச் சுட்டுவிடும். அந்தப் பயத்துக்குத்தான் எலக்ட்ரோடுக்கு அருகில் ஒயருக்கு ஒன்றாக 5 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் சேர்ந்து 10 கிலோ ஓம். 2 மில்லி ஆம்பியர் ஓட இவையே 20 வோல்ட் தின்னும். தலை இன்னொரு 5 கிலோ ஓம் காட்டினால் மொத்தம் 30 வோல்ட். கருவியால் அவ்வளவு தர முடியாவிட்டால் பாதியில் நின்றுவிடும். மேசையில் ஒழுங்காக ஓடியது உள்ளே போனதும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மார்ச் 5, புதன்

வருகிறவர்களுக்குப் போனில் சொல்ல வேண்டியவை. முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். தேங்காய் எண்ணெய்ப் படலம் எலக்ட்ரோடு ஸ்பாஞ்சின் உப்புநீரைத் தள்ளிவிடும். மின்தடை இறங்கவே இறங்காது. ஊக்கு, ஹேர்பின் எதுவும் கூடாது. தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். வாசலில் இன்னொரு முறை கேட்க வேண்டும். தசை இறுக்கத்துக்கு மருந்து செலுத்தும் பேக்லோஃபென் பம்ப் உடலுக்குள் பொருத்தியிருந்தால் ஸ்கேனுக்கு முன் அதன் மாடல் தெரிந்தாக வேண்டும்.

காபி. கேஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும்; நாங்கள் அளப்பதும் அதே ரத்த ஓட்டத்தைத்தான். "காபியே குடிக்காதீங்க" என்பதும் சரிப்படாது. தினம் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ரத்த ஓட்டம் ஏறிவிடும். கடைசிக் காபிக்கும் ஸ்கேனுக்கும் உள்ள இடைவெளி அவரது இரண்டு வருகையிலும் (ஒன்றில் நிஜத் தூண்டல், மற்றதில் போலி) ஒன்றாக இருந்தால் போதும்.

சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தவரிடம் உடனே களைப்பை அளந்தால் டிராஃபிக்கைத்தான் அளக்கிறோம். மயலின் உறை தேய்ந்த நரம்பில் உடல் சூடு ஏறினாலே சிக்னல் தடுமாறும். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தோஃப் 1890-லேயே எழுதிவைத்தார். ஏ.சி. அறையில் அரை மணி நேரம் உட்காரவைத்து, கழிப்பறை போய்வரச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம். இந்த நோயில் சிறுநீர் அவசரம் சாதாரணம். பாதி ஸ்கேனில் எழுந்தால் எல்லாம் முதலிலிருந்து.

மார்ச் 6, வியாழன்

ஸ்கேன் இல்லை. ஸ்பாஞ்சுகளைக் கழுவி உலர்த்தினோம். போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்தால் கால்சியம் படியும்.

மார்ச் 12, புதன்

ஸ்கேனருக்குள் ஸ்பாஞ்ச் உதவாது. நீர் கசிந்து முடி வழியே அடுத்த எலக்ட்ரோடைத் தொட்டால் மின்சாரம் தோலோடு போய்விடும். ஓரம் காய்ந்தால் அந்த இடத்தில் புண். கார்பன் ரப்பர் தகடு, அதன்மேல் மின்கடத்தும் பேஸ்ட் மூன்று மில்லிமீட்டர், விளிம்பைத் தாண்டாமல். 5-க்கு 7 செ.மீ. தகட்டில் 2 மில்லி ஆம்பியர் என்றால் ச.செ.மீ.க்கு 0.057 மில்லி ஆம்பியர். பேஸ்ட் வெளியே பிதுங்கினால் பரப்பு மாறும், இந்தக் கணக்கும் பொய்யாகும்.

ஆனோடு (நேர்முனை) இடது நெற்றிப் பக்கம் எஃப்3 என்று மூளையலைப் பதிவில் குறிக்கும் இடத்தில், கேத்தோடு (எதிர்முனை) வலது புருவத்துக்கு மேல். 30 நொடியில் ஏற்றி, 20 நிமிடம் ஓட்டி, 30 நொடியில் இறக்கம். காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்பட்டால் கடைசியில்தான். முன்னால் போட்டால் ரத்த ஓட்டப் படம் கெட்டது.

மின்சாரம் ஓடும்போது எடுத்த படத்தில் எலக்ட்ரோடுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2014-இல் இறந்தவர்களின் தலையிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ரத்தம் ஓடாத தலையிலும் புள்ளிகள் எழுந்தன. எனவே மின்சாரத்தை நிறுத்திய பிறகு எடுக்கும் படத்திலிருந்தே எங்கள் முடிவுகளை எடுக்கிறோம்.

மார்ச் 14, வெள்ளி

தலைக்குள் மின்சாரம் எப்படிப் பரவும் என்ற மின்புலக் கணக்கு, சிம்னிப்ஸ் மென்பொருளில். மூளையின் வெண்பொருளில் (நரம்பு இழைகள்) உள்ள எம்.எஸ். தழும்பு டி1 என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் கருமையாக இருப்பதால் மென்பொருள் அதைச் சாம்பல் பொருள் (நரம்பு செல்கள் உள்ள திசு) என்று நினைத்துக்கொள்கிறது. வெண்பொருளின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.126 சீமென்ஸ், சாம்பல் பொருளுக்கு 0.275, அதனால் கணக்கில் தழும்பின் கடத்துதிறன் இரட்டிப்பாகிவிடும். ஃபிளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் தழும்புகளைக் கையால் குறித்துத் தனித் திசுவாகக் கொடுக்கிறோம். அலுப்பான வேலை, ஒரு தலைக்கு அரை நாள். மூளை சுருங்கியவர்களுக்கு மூளையைச் சுற்றிய திரவம் அதிகம். அதன் கடத்துதிறன் 1.65. மின்சாரம் அந்தப் பக்கம் நழுவுவதால் ஒரே 2 மில்லி ஆம்பியர் இரண்டு பேருக்கு ஒரே அளவு மருந்தாகாது.

மார்ச் 19, புதன்

இரண்டாம் வருகை, ஒரு வாரம் கழித்து, போலித் தூண்டல். 30 நொடி ஏற்றி உடனே இறக்கிவிட வேண்டும். அந்த ஊறல் உணர்வு போதும். 21 கேள்விக் களைப்பு வினாத்தாள் கடந்த நான்கு வாரத்தைக் கேட்பது. ஒரு நாள் தூண்டலுக்கு அது பொருந்தாது. 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்டால் போதும். எலக்ட்ரோடைக் கழற்றுபவரே அந்த எண்ணைக் கேட்கக் கூடாது, தோலில் இருக்கும் சிவப்பு எந்தத் தூண்டல் என்று காட்டிக்கொடுத்துவிடும்.