அசைந்த கால்

என் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாக ஒரு குழந்தையின் புகைப்படம் இருக்கிறது. 1860களில் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய அட்டைப் படம் அது. பின்புறத்தில் பெயர் இல்லை. நான்கு வயது மதிக்கத்தக்க குழந்தை, தன் உயரமே உள்ள நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது; பின்னால் திரையில் தீட்டிய தோட்டம், பக்கத்தில் ஒரு தூண், இடது கையில் ஒரு ரோஜா. கவுன் அணிந்திருந்தாலும் ஆண் குழந்தை என்றே கருதுகிறேன். அக்காலத்தில் சின்னஞ்சிறு பையன்களுக்கும் கவுன்தான் அணிவித்தார்கள். பையன்களுக்குப் பக்க வகிடும் பெண் குழந்தைகளுக்கு நடுவகிடும் எடுப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இவனுக்குப் பக்க வகிடு.

அந்த முகத்தில் இருப்பது தாங்க முடியாத துயரம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். கன்னம் சற்றே ஒட்டி இருண்டிருக்கிறது, கண்மணிகள் நிறம் வற்றியவை போல வெளுத்திருக்கின்றன, உதடுகள் இறுகியிருக்கின்றன. பிறகுதான் அக்காலத்தில் படமெடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளைப் பற்றிப் படித்தேன். 1851இல் ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், தகட்டில் மருந்து பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும், சிவப்பை ஏறக்குறைய உணரவே உணராது. ஆகவே நீலக் கண்கள் வெளுத்துப்போகும், சிவந்த கன்னமோ கருத்துவிடும். நான் நோயென்றும் ஏக்கமென்றும் எண்ணிய நிழல், ஓடியாடிச் சிவந்திருந்த கன்னமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றிய அன்று, இத்தனை காலம் இவனுக்காக வருந்தியது வீணோ என்று மனம் தடுமாறியது. இறுகிய உதடுகளுக்கும் காரணம் உண்டு: படம் பதியச் சில விநாடிகள் ஆகும், அதுவரை ஒரு குழந்தையால் சிரிப்பைக் கலையாமல் வைத்திருக்க முடியாது.

தூணும் தோட்டமும் ஸ்டூடியோவின் சொத்து. அடுத்து வந்த குடும்பமும் அதே தூணருகில்தான் நின்றிருக்கும். ரோஜாவை மட்டும் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஐரோப்பிய ஓவியங்களில் மலர் நீண்ட காலமாகவே வாழ்வின் நிலையாமையைச் சுட்டிவந்தது. குழந்தைகள் பலர் வளராமலே இறந்துபோன ஒரு காலத்தில், மகனின் கையில் அதைக் கொடுத்த தாய்க்கு அந்தப் பொருள் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அது பெரியவர்களின் அச்சம். பூவைக் காம்போடு சேர்த்து முட்டிக்குள் கசக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கைக்கு அதில் பங்கில்லை.

அவன் காலடிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றின் அடிப்பாகம் தெரிகிறது. தலை ஆடாமலிருக்கப் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கும் கருவி அது. இத்தகைய தாங்கி தெரிந்தாலே, இறந்த குழந்தையை நிறுத்திவைத்து எடுத்த படம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள்; எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. ஓர் உடலின் எடையைத் தூக்கி நிறுத்தும் வலு அந்தத் தாங்கிக்குக் கிடையாது. உயிரோடிருப்பவர் அசைந்துவிடுவார் என்பதற்காகவே அதை வைத்தார்கள்.

இவன் அசைந்தும் இருக்கிறான். தலையும் தோளும் கூர்மையாக விழுந்திருக்க, வலது கால் மட்டும் புகைபோலக் கலங்கி, ஒரே காலணிக்கு இரண்டு முனைகள் தெரிகின்றன. பார்வை கேமராவில் இல்லை. சற்று இடப்புறமாக, சட்டத்துக்கு வெளியே நிற்கும் யாரையோ பார்க்கிறான், கால் நகர்ந்திருப்பதும் அதே பக்கம்தான். தூண், திரை, ரோஜா, முகத்தின் சோகம் என்று ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்த பிறகு, அவனுடையது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இந்தக் கலங்கல் ஒன்றுதான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே டிஸ்தெரி 1854இல் காப்புரிமை பெற்ற இந்த அட்டைப்பட முறையில் ஒரே தகட்டில் பல படங்களைப் பதிவு செய்யலாம். கால் அசையாத படமும் அவற்றில் இருந்திருக்கக்கூடும். இருந்தும் யாரோ ஒருவர் இதையும் அட்டையில் ஒட்டச் சொல்லி, ஆல்பத்தில் செருகி, ஓரங்கள் தேயும்வரை எடுத்தெடுத்துப் பார்த்திருக்கிறார்.