மருமகன் வந்தால் படுத்துக்கொள்ளும் கார்

பாளையங்கோட்டையில் என் மாமனார் வீட்டுக் காருக்கு என்னைப் பிடிக்காது என்பது அந்தத் தெரு முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். நாங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கி, பெட்டியைப் பிரித்து, குற்றாலம் போவதா பாபநாசம் போவதா என்று பேச்சு முற்றுகிற வேளையில் வண்டி படுத்துவிடும். பொத்தானை அழுத்தினால் பல்லி சொல்வதுபோல ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அதே வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பொங்கலுக்கு அப்படி, கோடை விடுமுறைக்கு அப்படி. ஆனி மாதச் சாரலுக்கு வந்தபோதும் அதே கதை.

அத்தை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மருமகனைச் சொல்ல முடியுமா? ஆனால் இந்த முறை நாங்கள் வந்து இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. மாமாவின் தாயாரான ஆச்சிக்கு அந்தத் தயக்கமும் கிடையாது. “சில பேருடைய கால் ராசி அப்படி” என்று என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார். வண்டி கிளம்பினால் பேராத்துச் செல்வி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாராம். நான் கிளம்பினால் என்றுதான் நேர்ந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

மாமாவிடம் முன்பு ஒரு மாருதி 800 இருந்தது. அது நின்றுபோனால் தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். இப்போதுள்ளது ஆட்டோமேட்டிக். சாவியை நுழைக்கத் துவாரமே கிடையாது. சட்டைப்பையில் இருந்தாலே போதும். தள்ளினால் தள்ளுகிறவருக்குத்தான் உடற்பயிற்சி. ஆனாலும் பழைய வழக்கப்படி பக்கத்து வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, வேலை இல்லை என்று தெரிந்ததும் மிகுந்த வருத்தத்தோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். யோசனை சொல்வதற்குத் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே.

பேட்டரியைப் போன தடவையே மாற்றியாகிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு பேட்டரியின் ஆயுள் குறையும் என்பது உண்மைதான். சூடு ஏற ஏற உள்ளே தகடுகள் சீக்கிரம் அரித்துப்போகும். ஆனால் புத்தம் புதிய பேட்டரியும் படுத்தால் வெயிலைக் குறை சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரில் ஒரு பகல் முழுக்க வைத்திருந்து, கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை என்று சொல்லி, பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். எடுத்து வந்த இரண்டாம் நாளே மீண்டும் படுத்துக்கொண்டது, இந்த முறை சுத்தமாக.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேலப்பாளையத்தில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பையனைத் தேடிப் பிடித்து வந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அதிகம் பேசவில்லை. மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தான். 11.3 வோல்ட். “நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், அண்ணாச்சி” என்றான். தன் வேனிலிருந்து கேபிள் போட்டுக் காரை ஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தான். 14.2. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. அப்படியானால் நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது.

“என்ன குடிக்கிறது?” என்றார் மாமா.

“வண்டி தூங்கினால்தான் தெரியும், சார்.”

இதை அவன் விளக்கியதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்துக் கார்களில் கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, பாட்டுப் பெட்டிக்கு ஒன்று என்று ஏகப்பட்ட சிறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பூட்டிவிட்டுப் போனதும் அவை உடனே அணைவதில்லை. ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக அடங்கும். எல்லாம் அடங்கிய பிறகு பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்குள்தான் போக வேண்டும். கடிகாரம், திருட்டு அலாரம், சாவியை எதிர்பார்த்திருக்கும் கருவி ஆகியவற்றுக்கு அது போதும். அதற்கு மேல் போனால் உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரைச் சேர்த்தான். பானட்டும் ஓட்டுநர் பக்கக் கதவும் திறந்திருக்க வேண்டும். ஆனால் மூடியிருப்பதாகக் கார் நினைக்க வேண்டும். அதற்காகத் திருப்புளியால் இரண்டு பூட்டு நாக்குகளையும் தட்டி மடக்கிவிட்டான். காரை ஏமாற்றுவது இவ்வளவு எளிது என்று தெரிந்ததும் எனக்கு அதன்மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது.

பிறகு தூங்க வைக்கும் படலம் ஆரம்பமானது. மீட்டரில் நான்கு ஆம்பியரில் இருந்த எண் படிப்படியாக இறங்கி ஒன்றுக்குக் கீழே வந்தது. தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அப்போது மாமா என்ன ஆயிற்று என்று பார்க்கப் பக்கத்தில் வந்தார். கண்ணாடிகள் மளமளவென்று விரிந்தன, விளக்குகள் கண் சிமிட்டின, எண் மறுபடி நான்குக்குத் தாவியது. சாவி அவருடைய சட்டைப்பையில்! எஜமானர் வருகிறார் என்று கார் எழுந்து நின்றுவிட்டது. சாவியை வாங்கிப் புறவாசல் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அடுத்த முறை என் சின்ன மகன் பந்து உருண்டு போய்விட்டது என்று பின்கதவைத் திறந்தான். அதற்கடுத்து எதிர்வீட்டுப் பெரியவர், டிக்கியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே டிக்கியைத் திறந்தார். எரிந்தது. திறந்தால் எரியத்தானே செய்யும்!

ஆச்சிதான் கடைசியில் அதட்டினார். “பச்சைப் பிள்ளையைக்கூட இவ்வளவு பேர் சுற்றி நின்றால் தூங்க வைக்க முடியாது. எல்லாரும் உள்ளே போங்கள்.” அந்தப் பகுதியில் அன்று சொல்லப்பட்ட ஒரே தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். எல்லாரும் கலைந்தோம். அத்தை சுக்குக் காப்பி போட்டார். நீண்ட நேரம் கழித்துப் பார்த்தால் எண் 0.5-இல் வந்து அசையாமல் நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

“அரை ஆம்பியர்!” என்று மாமா முகம் மலர்ந்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கணக்கு கண்ணில் பட்டால் விடமாட்டார். “ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி. அரையால் பெருக்கினால் 12 ஆம்பியர் மணி. பேட்டரி 45. இரண்டு நாள் நின்றால் பாதிக்கு மேல் காலி. இன்ஜினைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டுமே, எங்கிருந்து வரும்? அப்புறம் எப்படி செல்ஃப் எடுக்கும்? கணக்கு சரியாக வருகிறது!”

பையன் தலையை ஆட்டினான். பிறகு பணிவாக ஒன்று கேட்டான். “அப்படியானால் இவர்கள் ஊரில் இல்லாத நாள்களில் வண்டி எப்படி, சார், தினமும் கிளம்புகிறது?”

“தினமும் சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துக்கு நடைப்பயிற்சிக்குப் போவேன். இவர்கள் வந்தால் பேரப் பிள்ளைகளோடு வீட்டிலேயே இருந்துவிடுவேன்.”

“மைதானம் இங்கேதானே இருக்கிறது? இரண்டு நிமிட ஓட்டத்தில் ஒரு நாள் முழுக்க இறங்கிய கரண்ட் திரும்ப ஏறாது, சார். தினம் 12 ஆம்பியர் மணி ஏற வேண்டுமானால் போக வர முக்கால் மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும்.”

கணக்கு ஆசிரியர் இந்தக் கணக்குக்கு விடை சொல்லவில்லை. காற்று பலமாக அடிக்கிறது, கொடியில் துணி பறக்கிறது என்று எழுந்து உள்ளே போனார். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

பையன் ஃபியூஸ்களைப் பிடுங்கவில்லை. பிடுங்கி மாட்டினால் அடங்கின கம்ப்யூட்டர்கள் மறுபடி எழுந்துவிடுமாம். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லி வோல்ட் பார்த்துக்கொண்டே போனான். கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுழியம் காட்டும். சில ஃபியூஸ்களில் எண் வந்தது. அவற்றில் ஒன்று, ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற சாக்கெட்டுக்குப் போவது. அதில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். வெளியே பார்த்தால் சாக்கெட் காலியாகத்தான் இருந்தது. பேனலைக் கழற்றினால் பின்னால் ஒரு வயர் கிளை பிரிந்து போய், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியில் முடிந்தது.

வண்டி எங்கே இருக்கிறது என்று கைப்பேசிக்குச் சொல்லும் கருவி. வண்டி நின்ற பிறகும் ஓயாமல் மற்றக் கம்ப்யூட்டர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தானும் தூங்காது, பிறரையும் தூங்க விடாது. அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டதும் மீட்டர் 0.03-க்கு இறங்கி நின்றது. என் கால் ராசிக்கு அன்றோடு விடுதலை.

யார் வைத்தது என்று விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. சென்னையில் இருக்கும் மைத்துனனைக் கைப்பேசியில் கூப்பிட்டதும், “அத்தான், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. எழுபது வயதில் அப்பா நாகர்கோவில் நால்வழிச் சாலையில் தனியாக வண்டி ஓட்டுகிறாரே என்ற பயத்தில், சீட் கவர் மாற்றப் போன சாக்கில் மாட்டிவிட்டானாம்.

“நாகர்கோவில் கிடக்கட்டும். தினமும் சாயங்காலம் வண்டி எங்கே போகிறது?” என்றார் அத்தை.

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு என் கைப்பேசிக்கு ஒரு வரைபடம் வந்தது. வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம், சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலம் என்று ஒரு நீலக் கோடு வளைந்து வளைந்து போய், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதிப் பக்கம் ஒரு புள்ளியில் நின்றது. ஒவ்வொரு நாளும் அதே புள்ளி. விளக்கு வைத்த பிறகு அந்த இடத்தில் மக்கள் எதற்காக முண்டியடிக்கிறார்கள் என்பதை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் சொல்கிறேன்: கோதுமைப் பால், சர்க்கரை, நெய்.

பேட்டரி ஏன் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் மாமாவின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதும் அதே மீட்டரில் தெரிந்துவிட்டது. அத்தை கத்தவில்லை. பையனிடம் மட்டும் நிதானமாகக் கேட்டார்: “தம்பி, பேட்டரியைக் குடிக்காத கருவி ஏதாவது இருக்கிறதா?”

“இருக்கிறது, அம்மா. வண்டி நின்றால் தானும் அடங்கிவிடும்.”

“அதை வாங்கி மாட்டு.”

மறுநாள் ஐந்தருவியில் நன்றாகக் குளித்துவிட்டு வந்தோம். வண்டி ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. சாயங்காலம் மாமா தாழ்வாரத்தில் தூசி படிந்து கிடந்த தன் பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் சைக்கிள் மிதிப்பதுதான் உடம்புக்கு நல்லதாம்.

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை, சைக்கிளுக்கும் அதை மாட்ட முடியுமா என்று அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.”