ஒரு ஊசியில் மூன்று லேபிள்

பூச்சிகளைச் சேகரித்து வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில், எறும்புப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எறும்புக்குப் பேர் எழுதி ஒட்டுறது" என்பேன். வேலை அதுதான். ஆல்கஹால் குப்பியில் வரும் மண் மாதிரியைத் தட்டில் ஊற்றி, எறும்புகளை இடுக்கியால் தனியே எடுக்க வேண்டும். காகிதத்தைச் சின்ன முக்கோணமாக வெட்டி, நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, கால்கள் தொடங்கும் இடம் அதில் படும்படி எறும்பை உட்கார வைக்க வேண்டும். அந்தக் காகிதம் ஊசியில் ஏறும். அதற்குக் கீழே, எங்கே எப்போது எப்படிக் கிடைத்தது என்று ஒரு லேபிள். அதற்கும் கீழே பெயர்.

சேர்ந்த முதல் வருடம், மேற்கு ஆப்பிரிக்க மண் மாதிரி ஒன்றில் வெளிர் மஞ்சளாக ஒரு எறும்பு கிடைத்தது. மிகச் சிறியது, மெலிந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கண் இல்லை. மண்ணுக்குள்ளேயே வாழ்கிற எறும்புகள் பலவற்றுக்குக் கண் இருக்காது என்பது அதற்குள் பழகியிருந்ததால் அது பெரிதாகப் படவில்லை. சரி, அரை மணி நேரத்தில் பெயர் கிடைத்துவிடும் என்று திறவுகோலை எடுத்து உட்கார்ந்தேன். இடுப்பில் கணு ஒன்றா இரண்டா, கொடுக்கு உண்டா இல்லையா என்று கேள்வி கேள்வியாகப் போய்ப் பெயரில் முடியும் அட்டவணைதான் திறவுகோல்.

சாயங்காலம் வரை முடியவில்லை. உணர்கொம்புகள் பொருந்தும் குழிகள் மூடாமல் வெளியே தெரிந்தன. அதை வைத்துப் போனால் லெப்டனில்லா என்ற பேரினத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டது. ஆனால் லெப்டனில்லாவுக்கு இடுப்பில் இரண்டு கணு, இதற்கோ ஒன்றுதான். வாய்ப்பகுதியில் முளை முளையாகத் தடித்த மயிர்கள். அது ஆம்ப்ளியோபோன் என்ற இன்னொரு எறும்புக் கூட்டத்தின் அடையாளம். அந்தக் கூட்டத்தில் கணு வயிற்றோடு அகலமாக ஒட்டியிருக்கும், பின்பக்கச் சரிவே இருக்காது. என் தட்டில் இருந்ததற்குக் கணு உருண்டையாக, தெளிவாகத் தனித்து நின்றது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் "எங்க பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் பிரிவின் மூத்த அம்மையாரிடம் காட்டினேன். ஒரு தடவை குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து என் எறும்பின் பக்கத்தில் வைத்தார். உள்ளே அதே எறும்பு, பழையது. அபோமிர்மா ஸ்டிஜியா.

இந்த எறும்பின் கதை ஐவரி கோஸ்டின் லாம்டோ ஆய்வு நிலையத்திலிருந்து தொடங்குகிறது. பண்டாமா ஆற்றங்கரைக் காடும் அதை ஒட்டிய புல்வெளியும் சேர்ந்த இடம் அது. புல்வெளி முழுக்கப் பனை, நம் ஊர்ப் பனையின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனை. அந்த மண்ணைத் தோண்டித் தோண்டி எறும்புகளைப் படித்தவர் லெவியூ என்ற பிரெஞ்சு ஆய்வாளர். அவரும் அமெரிக்கர்களான பிரவுன், காட்வால்ட் இருவரும் சேர்ந்து 1970 தேதியிட்ட 'சைக்கி' இதழில் இதைப் புதிய பேரினமாக விவரித்தார்கள். கிரேக்கப் பாதாள ஆறான ஸ்டிக்ஸின் பெயரிலிருந்து வந்தது 'ஸ்டிஜியா'. வெளிச்சமே பார்க்காத உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பெயர் வைத்தாயிற்று, குடும்பம் எது என்பதில்தான் சிக்கல். முதலில் பொனெரினே துணைக்குடும்பத்தில் வைத்தார்கள். 1990இல் எறும்பு வகைப்பாட்டாளர் பேரி போல்டன் அதை லெப்டனில்லினேவுக்கு மாற்றினார். இரண்டே வருடத்தில், 1992இல், போல்டனும் பரோனி உர்பானியும் வார்டும் சேர்ந்து அதற்கென்றே அபோமிர்மினே என்று தனித் துணைக்குடும்பம் அமைத்தார்கள். ஒரே ஒரு எறும்புக்கு ஒரு முழு வீடு! போல்டன் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டார் என்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அப்புறம் மரபணு ஆய்வுகள் வந்தன. 2004இல் ஒரு ஆய்வு, 2016இல் வார்டும் ஃபிஷரும் செய்த விரிவான ஆய்வு எல்லாம் இதை ஆம்ப்ளியோபோன் பக்கமே கொண்டுவந்து நிறுத்தின. தங்கள் கூட்டின் குட்டிப் புழுக்களின் உடல்நீரையே குடிப்பதால் டிராகுலா எறும்பு என்று பெயர் வாங்கிய கூட்டம் அது. என்னைக் குழப்பிய அந்தக் கணு, உறவை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாயோரத்து மயிர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. லெவியூ தோண்டிய கூடுகளில் மண்ணுக்குள் வாழும் மெல்லிய பூரான்கள் இரையாகக் கிடந்ததையும் அப்போதே எழுதி வைத்திருந்தார்கள். பூரான் வேட்டை ஆம்ப்ளியோபோன் கூட்டத்தில் பலவற்றுக்கு உள்ள பழக்கம். என்னை மிகவும் கவர்ந்த துப்பு இதுதான். கூட்டில் என்ன கிடந்தது என்று ஒருவர் பொறுமையாகக் குறித்ததால்தான், பிறகு வந்த மரபணு முடிவோடு அது பொருந்துவதை நம்மால் பார்க்க முடிகிறது.

சில மாதம் கழித்து, பழைய பெட்டிகளில் பெயர்களைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் பிரிவில் லேபிளில் துணைக்குடும்பத்தையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அந்தப் பழைய அபோமிர்மாவின் ஊசியில் இரண்டு பெயர் லேபிள்கள் இருந்தன. மேலே இருந்தது பழுத்துப்போன தாள், பேனா மையில் பொனெரினே என்று சாய்வான கையெழுத்து. கீழே டைப் அடித்த லெப்டனில்லினே. இரண்டும் தவறு என்று ஆகிவிட்டதே என்று இரண்டையும் உருவிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஆம்ப்ளியோபோனினே என்று புதிதாக எழுதிக் குத்தினேன். சுத்தமாக இருந்தது. திருப்தியாகவும் இருந்தது.

அம்மையார் பார்த்தார். கோபப்படவில்லை. "இதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் என்ன நினைத்தார்கள் என்பது இப்போது எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நான் மண்டியிட்டுக் கூடையைக் கவிழ்த்தேன். காகிதத் துணுக்குகளுக்கு நடுவே டைப் அடித்தது உடனே கிடைத்தது. கையால் எழுதியதைத் தேட ஒரு மணி நேரம் ஆனது. நகம் அளவுத் தாள், நடுவில் ஊசித் துளை, ஓரத்தில் புதிதாக ஒரு கிழிசல். கிழித்தவன் நான். அந்தக் கையெழுத்துக்காரர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவரும் என்னைப் போலவே ஒரு நாள் முழுக்கக் கணுவையும் கொம்புக்குழியையும் மாறி மாறிப் பார்த்துத்தான் அதை எழுதியிருப்பார்.

எறும்பை அசைக்காமல் ஊசியைப் பிடித்துக்கொண்டு, என் லேபிளை இறக்கினேன். இடம் சொல்லும் லேபிளுக்குக் கீழே கிழிந்த தாளை அதன் பழைய துளையிலேயே ஏற்றினேன். அடுத்து டைப் அடித்தது. அதற்கும் கீழே என்னுடையது, பெயரும் வருடமும் போட்டு. ஊசி முனையில் இன்னொரு லேபிளுக்கு இடம் விட்டுப் பெட்டியை மூடினேன்.